தபா பேச்சுவார்த்தை பற்றிப் படிக்க வழிகாட்டுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் இஸ்ரேல்-பாலஸ்தீன அமைதிப் பேச்சுகள் குறித்து நான் பேச வேண்டும்.

1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேலியப் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கைகுலுக்கிய படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்; நடுவில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் இரு கைகளையும் விரித்து நிற்பார். ஆனால் ஆஸ்லோ ஒப்பந்தம் எனப்படும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இஸ்ரேல் தரப்பில் ஷிமோன் பெரஸும் பாலஸ்தீனத் தரப்பில் மஹ்மூத் அப்பாஸும். ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை என்று கடினமான எல்லாவற்றையும் அன்று தள்ளிவைத்தார்கள். அங்கேதான் கோளாறு தொடங்கியது என்று எனக்குப் படுகிறது.

நான் திணறுவது 2001 ஜனவரியில் எகிப்தின் தபாவில் நடந்த பேச்சில். ஆறு மாதங்களுக்கு முன் அமெரிக்காவின் கேம்ப் டேவிடில் உடன்பாடு காணாமல் கைவிரித்தவர்கள், இங்கே முன்னெப்போதையும்விட நெருங்கிவிட்டோம் என்று கூட்டறிக்கை வெளியிட்டார்கள். பிப்ரவரி தேர்தலில் அப்போதைய இஸ்ரேலியப் பிரதமர் பராக் தோற்றார், பேச்சும் நின்றுபோனது.

பாலஸ்தீன அகதிகள் ஊர் திரும்பும் உரிமை பற்றி அந்த அறைக்குள் என்னதான் பேசினார்கள்? கலந்துகொண்ட பாலஸ்தீனர்கள் எழுதியதும் வேண்டும், இஸ்ரேலியர்கள் எழுதியதும் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பேச மனம் ஒப்பவில்லை. தமிழில் கிடைத்தால் மிக நல்லது, ஆங்கிலமானாலும் படித்துக்கொள்வேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.