ஃப்ளை ஸ்வாப்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

திங்கள், மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு, பென்சில்வேனியாவில் சஸ்குவெஹன்னா ஆற்றில் பாஸ் மீன் பிடிப்பவர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு சப்டைட்டில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'ஃப்ளை ஸ்வாப்' என்ற இடத்தில் நிற்கிறேன்.

தூண்டில் முள்ளில் இறகு, மான் மயிர், நூல் எல்லாம் வைத்துக் கையால் கட்டும் போலி இரைதான் ஃப்ளை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால், ஆளுக்கு ஒரு வகையை எடுத்துக்கொண்டு அதில் பன்னிரண்டு கட்டி, ஒருங்கிணைப்பவருக்குத் தபாலில் அனுப்புவார்கள். திரும்பி வரும் தபால் செலவும் உள்ளேயே இருக்கும். அவர் பிரித்து அடுக்கி, ஒவ்வொருவருக்கும் வகைக்கு ஒன்றாக அனுப்பிவைப்பார். கட்டியவர் பெயரும் வகையின் பெயரும் எழுதிய சின்னச் சீட்டு முள்ளில் கோத்திருக்கும். 'ஈ மாற்றம்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த அக்கா, "ஈ என்னவாக மாறுகிறது?" என்று கேட்டார்.

திங்கள் இரவு, தமிழாசிரியர்:

ஈ வேண்டாம் அம்மா. 'கட்டிரை' என்று வையுங்கள். கட்டிய இரை, கட்டுகின்ற இரை, கட்டும் இரை என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை, ஊறுகாய் போல. ஸ்வாப்புக்கு 'நொடை'. புறநானூறு 343 'மீன் நொடுத்து நெல் குவைஇ' என்றே தொடங்குகிறது. ஆகவே 'கட்டிரை நொடை'.

பாஸ் மீனுக்குக் 'கொடுவா' பொருந்தும். அகநானூறு 36-இல் வரால் கவ்வும் தூண்டில் முள்ளுக்குக் 'கொடுவாய் இரும்பு' என்று பெயர். கொடு என்றால் வளைவு. கொடுவாய் தேய்ந்து கொடுவா ஆகி மீனுக்கு வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். கோடு, கோணல், கொடுக்கு ஆகியவற்றையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

செவ்வாய், மீன்வளம் படித்தவர்:

ஐயா, கொடுக்கு வரை போக வேண்டாம். கொடுவா கடலிலும் கழிமுகத்திலும் வாழும் நம் மீன். சஸ்குவெஹன்னாவின் பாஸ் நன்னீர் மீன், குடும்பமே வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பாஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் உறவாகிவிடாது. 'சிறுவாய் பாஸ்', 'பெருவாய் பாஸ்' போதும். ஆனால் அகப்பாட்டைக் காட்டியதற்கு நன்றி. முள்ளைக் கவ்விய வரால் ஆம்பல் இலை கிழியப் பாய்கிறதே, அல்லி இலைக்கடியில் பதுங்கும் பெருவாய் பாஸும் அப்படித்தான் கிளம்பும்.

செவ்வாய் மாலை, ஃப்ளை கட்டும் நண்பர்:

நானும் இந்த மாற்றல்களில் சேர்ந்திருக்கிறேன். ஈ என்ற பெயர் ட்ரவுட் மீன்காரர்களிடமிருந்து வந்தது. அவர்கள் கட்டுவது பெரும்பாலும் பூச்சி. பாஸ் தின்பது சிறுமீன், தவளை, கிரேஃபிஷ் என்ற நன்னீர் இறால் போன்ற உயிரி. இதே ஆற்றின் சிறுவாய் பாஸுக்காக பாப் கிளவுசர் 1980களில் கட்டிய கிளவுசர் மின்னோவைப் பாருங்கள். மான்வால் மயிரும் டம்பெல் போன்ற ஈயக் கண்களும்தான். அந்தக் கனத்தால் முள் தலைகீழாகப் புரண்டு, முனை மேல் நோக்கி நீந்தும். பாறையில் அவ்வளவாகச் சிக்காது. தவளைக்கு வேறு வேலை. மான் மயிருக்குள் காற்றறைகள் இருப்பதால் மிதக்கும். அதை முள்ளில் கற்றை கற்றையாகச் சுழற்றி இறுக்கிக் கத்தரித்தால் தவளை. இதில் ஈ எங்கே?

கட்டிரை எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டுகிற வேலை அதில் தெரிகிறது. நொடை வேண்டாம். அது விலையையும் விற்பனையையும் குறிக்கும். இங்கே யாரும் விலை பேசுவதில்லை. பன்னிரண்டாவதையும் முதலாவதைப் போலவே கட்டுவதுதான் மரியாதை.

புதன், நாளிதழ் உதவி ஆசிரியர்:

கட்டிரையைப் பத்துப் பேரில் எட்டுப் பேர் 'கட்டுரை' என்றுதான் படிப்பார்கள். திரையில் அந்த வரி நிற்பது இரண்டு மூன்று நொடி. பிழைதிருத்தியும் கட்டுரை ஆக்கிவிடும். 'கைமாற்று' என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது கடன். 'சீட்டு' கிட்டத்தட்ட வருகிறது, நடத்துபவர் ஒருவர், போடுபவர் பலர்; ஆனால் சீட்டில் மொத்தமும் ஒரு முறைக்கு ஒருவருக்கே போகும். பேசாமல் 'ஃப்ளை பரிமாற்றம்' என்று போடுங்கள்.

புதன் இரவு, தமிழாசிரியர்:

புரியாது என்று ஒதுக்கியிருந்தால் 'பேருந்து' வந்திருக்குமா? பழகினால் புரியும். மீன் நொடுத்து நெல் கொண்டது காசில்லாத மாற்றுதான். விலைப்பொருள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது சரியில்லை.

வியாழன், மொழிபெயர்ப்பாளர்:

பேருந்து பழகக் காலம் இருந்தது ஐயா, எனக்கு நாளை வரைதான். முதல் முறை வரும்போது 'தூண்டில் இரைப் பரிமாற்றம்', அதன் பிறகு 'இரைப் பரிமாற்றம்'. அவர்கள் வாயால் சொல்லும் இடத்தில் ஃப்ளை அப்படியே. ஃப்ளை கட்டும் காட்சியில் மட்டும் கைகள் நன்றாகத் தெரிவதால், அங்கே கட்டிரை போடுகிறேன். கிளவுசர் மின்னோவைத் தொடவில்லை. மூன்று பேர் சரி என்றிருக்கிறீர்கள்.

வியாழன், தமிழாசிரியர்:

நான் அந்த மூவரில் இல்லை. வெறும் 'இரை' என்றால் மண்புழுவும் இரைதான். குழுவின் பட்டியலில் 'கட்டிரை' முதலிலும் 'நொடை' மாற்றுப் பரிந்துரையாகவும் ஏற வேண்டும். கொடுவாய் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.