கொடுத்த விளக்கைப் பாட்டி திருப்பிக் கேட்கிறார்: ஆப்பிரிக்காவில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மீனா, நிபோங் திபால்

வணக்கம். எங்கள் ரப்பர் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் போய்விட்டன, மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. அதன் பின்மண்டபத்தில் பழைய பொருள்களை வைக்கலாம் என்று ஒரு வருடமாக வீடு வீடாக அலைகிறேன். பால் பிடிக்கும் மங்கு, மரம் சீவும் கத்தி, வாளி, ஒரு கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு நாற்காலி என்று சேர்ந்திருக்கிறது.

ஒரு பாட்டி தன் மாமியாரின் பித்தளை விளக்கைத் தந்தார். ஆடி பிறந்ததும் வந்து நின்றார். "படையலுக்கு வேணும், குடு." பதிவேட்டில் ஏறிய பொருள் வெளியே போகக் கூடாது என்றார் கோயில் நிர்வாகத் தலைவர். நான் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் எண்ணெய்ப் பிசுக்கோடும் திரிக் கரியோடும் திரும்பி வந்தது. நான் தேய்த்து வைத்திருந்த பளபளப்பெல்லாம் போச்சு. தலைவருக்கோ மகா கோபம்.

ஞாயிறன்று கூட்டம். ஆப்பிரிக்காவில் அகழ்வாய்வுக்காரர்கள் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கூட்டத்தில் சொல்ல ஒரு நிஜ உதாரணம் கிடைக்குமா? தத்துவம் வேண்டாம், தலைவரிடமே நிறைய இருக்கிறது.

பழைய வாத்தியார், சுங்கை பட்டாணி

கிரேட் ஜிம்பாப்வேயைச் சொல்லுங்கள், ஜிம்பாப்வே நாட்டில் இருக்கும் பழைய கல் நகரம். சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய மதில், சில இடங்களில் 11 மீட்டர் உயரம். அதைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்கள் என்று ஒப்புக்கொள்ள வெள்ளைக்காரர்களுக்கு மனம் வரவில்லை. ஃபினீசியர்கள் கட்டினார்கள், ஷீபா ராணி கட்டினாள் என்றெல்லாம் கதை. 1902 முதல் 1904 வரை ரிச்சர்ட் ஹால் என்பவர் 'சுத்தம் செய்கிறேன்' என்று மண்ணடுக்குகளை அள்ளி வெளியே கொட்டிவிட்டார். அந்த மண்ணில்தான் ஆதாரமே இருந்தது. 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ப்சன் என்ற அகழ்வாய்வாளர் தோண்டிப் பார்த்து, கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று அடித்துச் சொன்னார்.

அதோடு முடியவில்லை. இடத்தைப் பாதுகாக்கிறோம் என்று வேலி போட்டார்கள். முன்னோர்களுக்கு அங்கே சடங்கு செய்துவந்த சுற்றுவட்டாரக் குலங்கள் வேலிக்கு வெளியே நின்றன. உங்கள் தலைவரின் பதிவேடும் அந்த வேலிதான், அளவுதான் சின்னது.

வேலியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2013-ல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டியை, அந்தப் பழங்காலக் கோயிலை, இடித்த கதை நமக்குத் தெரியுமே.

அருள், ஜார்ஜ்டவுன்

மீனா, உங்களுக்கு இன்னும் பொருத்தமான ஊர் குசைர். எகிப்தில் செங்கடல் கரையில் இருக்கிறது. 1999-லிருந்து 2003 வரை சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் அங்கே பழைய துறைமுகத்தைத் தோண்டினார்கள். கூடவே ஊர்மக்களோடு சேர்ந்து தனியாக ஒரு திட்டமும் நடந்தது. உள்ளூர் ஆட்களை மண் வெட்ட மட்டும் கூப்பிடவில்லை, பயிற்சி கொடுத்து வேலையில் சேர்த்தார்கள். அறிக்கைகளை அரபியிலும் எழுதி ஊருக்குக் கொடுத்தார்கள். பழைய குசைர் என்றால் உங்களுக்கு என்ன, அதில் எதைக் காட்டலாம் என்று மக்களிடம் பேட்டி எடுத்தார்கள்.

இன்னொன்று. நம் ஆட்களும் அங்கே போயிருக்கிறார்கள். ஒரு பானை ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்து இருந்தது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். நம் உறிதான்.

கேள்விக்குறி, கோலாலம்பூர்

எல்லாம் சரி, மண்டபத்துச் சாவி யாரிடம்? கென்யக் கடற்கரையில் மிஜிகெண்டா மக்கள் இறந்தவர்களுக்காக விகாங்கோ என்று செதுக்கிய மரத்தூண் நடுவார்கள். நட்டதை நகர்த்தக் கூடாது. அதையே திருடி விற்று, பல தூண்கள் அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. சிலதுதான் திரும்பி வந்தன. பாட்டி தந்தது இரவலா, தானமா என்று இப்போதே எழுதி வாங்குங்கள். நாளைக்கு நிர்வாகம் மாறினால் விளக்கு எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

மீனா, நிபோங் திபால்

கூட்டம் முடிந்தது. விளக்கு இனி இரவல். ஆடிக்கும் தீபாவளிக்கும் பாட்டி வீட்டுக்குப் போய்வரும், தேய்க்காமல் அப்படியே வைக்கவேண்டும். சாவி இரண்டு, ஒன்று பாட்டியிடம். தலைவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

குசைர் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். எகிப்து அவருக்குப் பெரிதாகப் படவில்லை, உறியைப் பிடித்துக்கொண்டார். "லயத்துல எலித்தொல்லை. கருவாட்டுச் சட்டிய உறியிலதான் தொங்கவிடுவோம். உன் மண்டபத்துல உறி எங்க?" இல்லை. நான் கேட்கவுமில்லை, யாரும் தரவுமில்லை. லயத்தோடு அதுவும் போய்விட்டது.

மறுநாளே தேங்காய் நார்க் கயிறு வாங்கிவரச் சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து காலின் பெருவிரலில் மாட்டி ஒன்று பின்னிக் கொடுத்தார். முடிச்சு எப்படி விழுகிறது என்று என் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது தலைவரின் கவலை, சீட்டில் எந்த ஆண்டு எழுதுவது என்பதுதான். 'போன செவ்வாய்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.