பாமினியில் தட்டிய பாதி, இபப் மின்னூலில் கிறுக்கலாக வருகிறது. உதவி தேவை

கேள்வி:
வேர்டில் 180 பக்கக் கட்டுரைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. முன்பாதி பல வருடங்களுக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டியது, பின்பாதி இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடு. காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் இபப்பாக மாற்றி ரீடரில் திறந்தால், பின்பாதிக்கு ஒரு குறையும் இல்லை. முன்பாதியில் ‘அம்மா’ வர வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நிற்கிறது. அத்தியாயப் பட்டியலும் வரவில்லை. தலைப்புகளை எல்லாம் பெரிதாக்கி போல்டு செய்துதான் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

பதில் 1:
பாமினியை இபப்புக்குள்ளேயே பதித்துவிடுங்கள். காலிபரில் அதற்கு வசதி உண்டு. எனக்கு அப்படித்தான் வேலை முடிந்தது.

பதில் 2:
படிக்கலாம், ஆனால் தேட முடியாது, அகராதியும் வேலை செய்யாது. கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துதான், பாமினி அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. ரீடரில் எழுத்துருவை மாற்றினால் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடாக்கிவிடுவதுதான் நல்லது.

ஆனால் முழுக் கோப்பையும் யூனிகோடு மாற்றியில் கொட்டாதீர்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் ஏதோ ஒரு தமிழாகி உளறும். வேர்டின் விரிவான தேடலில் எழுத்துரு என்று பாமினியைக் கொடுங்கள், அந்தப் பகுதிகள் மட்டும் சிக்கும்.

தலைப்பு விஷயம் எளிது. போல்டு உங்கள் கண்ணுக்குத்தான் தலைப்பு. காலிபருக்கு ‘ஹெடிங் 1’ ஸ்டைல் வேண்டும்.

கேட்டவர்:
பட்டியல் வந்துவிட்டது, முன்பாதியும் தமிழாகிவிட்டது. ஆனால் ‘மௌனம்’ என்று தேடினால் இல்லை என்கிறது. கண்ணெதிரே இருக்கிறதே!

பதில் 2:
அங்கே இருப்பது ‘மெளனம்’. ஔகாரக் குறி யூனிகோடில் ஒரே குறி. உங்கள் மாற்றி ஒற்றைக்கொம்பையும் ‘ள’வையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறது. தேடி மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஒரே தட்டில் மாற்றினேன். இப்போது ‘வெளி’, ‘வெள்ளம்’ எல்லாம் நடுவில் புள்ளி வட்டம் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

பதில் 2:
ஐயோ, அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. அன்டூ செய்யுங்கள். மௌனம், கௌரவம், சௌகரியம், பௌர்ணமி என்று முழுச் சொல்லாகக் கொடுத்து மாற்றுங்கள். ஔகாரம் வரும் சொற்கள் தமிழில் அதிகம் கிடையாது.

கேட்டவர்:
மொத்தம் பதினோரு சொல்தான் இருந்தது. இப்போது தேடினால் கிடைக்கிறது. நன்றி.