1978-ல் சென்னையில் எந்தப் பாட்டு ஓடியது?

பெரம்பூர் வாசகி:
அப்பா அம்மாவுக்கு 1978-ல் கல்யாணம் நடந்தது. வீட்டு விசேஷத்துக்கு அந்த ஒரு வருஷத்துப் பாட்டுகளை மட்டும் தொகுத்துப் போடலாம் என்று இருக்கிறேன். தேடிப் பார்த்தால் எங்கும் இளையராஜாதான் வருகிறார். உண்மையிலேயே அப்படித்தானா, இல்லை இன்றைக்குத் திரும்பிப் பார்க்கும்போது அப்படித் தெரிகிறதா?

அடையாறு ரசிகர்:
எம்.எஸ்.வி.யை விட்டுவிடாதீர்கள். 'நிழல் நிஜமாகிறது' அந்த வருஷம்தான். 'கம்பன் ஏமாந்தான்' இல்லாமல் எப்படி? இங்கிலீஷ் பாட்டு கேட்ட வீடுகளில் போனி எம், பீ ஜீஸ்.

திருவல்லிக்கேணி மைக்செட்:
மாமா திருவல்லிக்கேணியில் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதம் கூழ் ஊற்றுவது என்று எங்கே செட் கட்டினாலும் ரெக்கார்டுப் பெட்டியோடு நானும் போவேன். ஜனங்கள் என்ன பாட்டு கேட்டார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

அந்த வருஷப் பொங்கலுக்கு 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' வந்தது. எம்.ஜி.ஆர். அதற்கு முந்தைய வருஷமே முதலமைச்சராகிவிட்டார். அந்தப் படத்தோடு அவர் படம் வருவது நின்றது, மைக்செட்டுக்கு அது பெரிய விஷயம். வாத்தியார் பாட்டு இல்லாமல் எங்கள் பேட்டையில் விசேஷமே கிடையாது. அப்புறமும் பழைய ரெக்கார்டுகளைக் கேட்டார்கள், ஆனால் "புதுசு போடுப்பா" என்று சொன்ன பையன்களுக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் 'கிழக்கே போகும் ரயில்', 'முள்ளும் மலரும்' இரண்டும் வந்தன. மலேசியா வாசுதேவனும் ஜென்சியும் தெருவுக்குத் தெரிந்த குரல்களானார்கள். பழையவர்கள் ஒதுங்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 'தியாகம்' படத்தில் டி.எம்.எஸ். பாடிய 'நல்லவர்க்கெல்லாம்' பாட்டைப் பெரியவர்கள் விடாமல் கேட்டார்கள். அதற்கும் இசை இளையராஜாதான். ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு என் பதில்: ஆமாம், அப்போதே அப்படித்தான்.

ஆனால் ஒன்று. எங்கள் குழாய் ஸ்பீக்கரில் குரல் கணீரென்று மூன்று தெரு தாண்டும். பேஸ் கிட்டார் மட்டும், அந்தக் கனத்த அடிச் சத்தம், வரவே வராது. தீபாவளி சமயத்தில் வந்த 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தின் 'நினைவோ ஒரு பறவை' பாட்டைப் பல விசேஷங்களில் போட்டிருக்கிறேன். பிறகு ஒரு வாடிக்கையாளர் வீட்டில், பெரிய பெட்டி ஸ்பீக்கரில் அதைக் கேட்டபோது அடியில் அந்த கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அசந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். வருஷக் கடைசியில் வந்த 'ப்ரியா' ஸ்டீரியோவில் பதிவானது. அதையும் அதே வீட்டில்தான் கேட்டேன், ஒரு வாத்தியம் இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம். என்னைக் கேட்டால் அந்த வருஷத்தின் பெரிய மாற்றமே இதுதான். தெருவுக்குக் கேட்டால் போதும் என்றிருந்த பாட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியதாக மாறியது.

பெரம்பூர் வாசகி:
ரொம்ப நன்றி ஐயா. பாட்டு கேட்கும் பழக்கமே இல்லாத சித்தப்பா ஒருத்தர் வருகிறார். அவருக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்களேன்?

திருவல்லிக்கேணி மைக்செட்:
'சிட்டுக்குருவி' படத்தில் 'என் கண்மணி' போடும்மா. பஸ்ஸில் நடக்கிற பாட்டு. எஸ்.பி.பி., சுசீலா இருவர் குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரும், வாயால் பேசுவது ஒன்று, மனசுக்குள் ஓடுவது ஒன்று. நடுவில் கண்டக்டர் தேனாம்பேட்டையில் இறங்கச் சொல்வார். மெட்ராஸ்காரர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சிரித்துவிடுவார்.

விசேஷத்தன்று செல்போனில் போடாதே. நல்ல ஸ்பீக்கர் இரண்டு வாடகைக்கு எடு, கொஞ்சம் தள்ளித் தள்ளி வை. முதலில் 'ப்ரியா' பாட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு பக்கமும் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்.