புதுப்பிப்பு: மாவுக்கட்டும் குரல்வழித் தட்டச்சும்

வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு இருக்கிறேன், தமிழில் எப்படித் தட்டச்சு செய்வது என்று மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்போது கூகுள் டாக்ஸில் பேசியே எழுதுகிறேன். கைபேசியில் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டு, அதில் 2017 முதலே தமிழ்க் குரல் உள்ளீடு இருக்கிறது. முழு வாக்கியத்தையும் மனதில் அமைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னால் பிழை குறைகிறது. சொல் சொல்லாக நிறுத்தினால் தடுமாறுகிறது. நேற்று ‘மல்லிகை மணம்’ என்றேன், ‘மல்லிகை மனம்’ என்று விழுந்தது. ழ, ள, ண எல்லாவற்றையும் நாக்கை நன்றாக மடக்கிச் சொல்ல வேண்டும். ஒற்றுப்பிழைகளை இடது கையால் திருத்துகிறேன்.

அப்புறம், ஒரு மணி நேரம் பேசினால் தொண்டை கட்டிவிடுகிறது. பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும். அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள்.