பாகம், பகுதி, இயல், அதிகாரம், அத்தியாயம்: எதற்குள் எது?

வேம்படி கேட்டது:

கோயில் நிலங்கள் பற்றிய ஆய்வு நூல் ஒன்றைச் செப்பனிட வேண்டும். 400 பக்கம். மூன்று படிநிலை உள்ளது. நூல் நான்கு பெருங்கூறாகப் பிரிகிறது, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கட்டுரை, கட்டுரைக்குள் துணைத்தலைப்புகள். ஆசிரியர் ஒரே கூறை ஓரிடத்தில் 'பகுதி 2' என்கிறார், அடுத்த பக்கத்தில் 'பாகம் 2', அடிக்குறிப்பில் 'இரண்டாம் அதிகாரம்'. மூன்று சந்தேகம்.

இந்தச் சொற்களில் எது பெரியது, எது சிறியது? மரபில் விதி இருக்கிறதா?

அணிந்துரை, பதிப்புரை, முகவுரை, என்னுரை என நான்கு உரைகள் வந்திருக்கின்றன. எதை முதலில் வைப்பது?

சிலம்பு, தொல்காப்பியம், கம்பன் வரிகளை மேற்கோள் காட்டும்போது இடம் சுட்டுவது எப்படி?

---

ஓத்தும்படலமும்:

சொல்லுக்கென்று நிலையான பதவி கிடையாது. அந்தந்த நூல்தான் அதை நிர்ணயிக்கிறது. தெளிவான சாட்சி 'அதிகாரம்'. தொல்காப்பியத்தில் அதுவே மேல்படி: எழுத்து, சொல், பொருள் என 3 அதிகாரம், ஒவ்வொன்றிலும் 9 இயல், ஆக 27. நன்னூலும் அப்படித்தான், 2 அதிகாரம், அவற்றுள் ஐந்தைந்து இயல். குறளுக்கு வந்தால் தலைகீழ். பால் மேலே, இயல் நடுவே, அதிகாரம் அடியில், 10 குறள் கொண்ட கூறாக. பரிமேலழகர் பகுப்பில் பொருட்பாலின் 70 அதிகாரம் அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 என்று நிற்கும். ஆக 'அதிகாரத்துக்குள் இயல்' என்பவரும் சரி, 'இயலுக்குள் அதிகாரம்' என்பவரும் சரி. தமிழ் விவிலியத்தில் அதிகாரம் நடுப்படி: புத்தகம், அதிகாரம், வசனம்.

தொல்காப்பியச் செய்யுளியல் நூலுக்கு ஒரு படிவரிசை சொல்கிறது: சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம். ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது ஓத்து. பல பொருள் விரவி வருவது படலம். 'ஓத்து' வழக்கொழிந்து அந்த இடத்தை 'இயல்' பிடித்துக்கொண்டது. 'படலம்' காப்பியத்துக்குப் போய்க் காண்டத்தின் உட்பிரிவாகிவிட்டது.

இன்னும் குழப்பம் வேண்டுமென்றால் 'பத்து'. ஐங்குறுநூற்றில் ஒரு பத்து என்றால் 10 பாட்டு. திருவாய்மொழியில் ஒரு பத்து என்றால் 10 பதிகம், அதாவது நூற்றுக்குச் சற்று மேல். 'முதற் பத்தில் வருகிறது' என்று மொட்டையாக எழுதினால் பத்துப் பாட்டைத் தேடுவதா நூறு பாட்டைத் தேடுவதா என்று வாசகர் விழிப்பார். 'பருவம்' வில்லிபாரதத்தில் சருக்கங்களை அடக்கிய பெரும்பிரிவு. பிள்ளைத்தமிழில் குழந்தையின் வளர்நிலை. பெரியபுராணத்தில் நூலின் பெயரும் புராணம், சருக்கத்துக்குள் வரும் ஒவ்வோர் அடியார் வரலாறும் புராணம்!

---

மெய்ப்புமேசை:

மேலே சொன்னது மரபு. உங்கள் கைப்படிக்கு நடைமுறை: 'பகுதி – இயல் – துணைத்தலைப்பு' என்று மூன்றே சொல், 400 பக்கத்துக்கும் அதே மூன்று.

'பாகம்', 'தொகுதி' இரண்டையும் இந்த நூலில் தொடவேண்டாம். அவை இப்போது தனி அட்டை போட்டு வரும் புத்தகத்தைக் குறிக்கின்றன. உள்ளே 'பாகம் 2' என்று இருந்தால், முதல் பாகம் தனியாக விற்கிறதா என்று கடையில் கேட்பார்கள். 'அத்தியாயம்' தவறில்லை, நாவலுக்கும் தொடர்கதைக்கும் நன்றாகப் பொருந்தும், கீதையின் பதினெட்டையும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் ஆய்வு நூலில் 'இயல்' வேரூன்றிவிட்டது. 'அதிகாரம்' வேண்டவே வேண்டாம், குறள் நினைவுதான் வரும்.

இயல் எண்ணைப் பகுதிதோறும் 1 என்று மறுபடி தொடங்காதீர்கள். நூல் முழுதும் 1 முதல் 22 வரை ஓடட்டும். இல்லாவிட்டால் 'இயல் 3 காண்க' என்ற குறிப்பு நான்கு இடத்தைக் காட்டும். துணைத்தலைப்புக்கு 7.1, 7.2 போதும். 7.2.1.4 வரை இறங்கினால் அது சட்டநூல் போல ஆகிவிடும்.

சட்டம் என்றதும் ஒன்று. கோயில் நிலம் பற்றிய நூல், சட்ட மேற்கோள் நிறைய வரும். தமிழ்நாட்டில் அரசமைப்புக்கு (Article) 'உறுப்பு', சாதாரணச் சட்டத்துக்குப் (Section) 'பிரிவு'. நாளிதழ்கள் இரண்டையும் 'பிரிவு' என்றே எழுதுகின்றன. ஆசிரியரும் அப்படிக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், தேடிப் பாருங்கள். இலங்கையில் அரசியலமைப்பு ஏற்பாட்டுக்கு 'உறுப்புரை'.

எங்கும் ஒட்டாத நான்கைந்து கட்டுரை மிஞ்சினால் 'பிற' என்று தலைப்பு வைக்காமல் 'ஒழிபியல்' என்று வையுங்கள். அதற்கென்றே இருக்கும் சொல், வீணாகக் கிடக்கிறது.

---

புறவுரை:

உரைகளின் வரிசைக்கு வருகிறேன். நன்னூலின் முதல் நூற்பா முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்று ஏழையும் பாயிரத்தின், அதாவது நூலுக்கு முன்னே வரும் உரையின், பெயராகவே அடுக்குகிறது. அங்கே அவை ஒருபொருட் சொற்கள். வேறுபாடு அச்சுக்காலத்தில் வந்தது. இன்றைய வழக்கு: அணிந்துரை வேறொருவர் எழுதுவது, பதிப்புரை வெளியிடுபவர் எழுதுவது, முன்னுரையும் முகவுரையும் என்னுரையும் நூலாசிரியருடையவை.

மற்றவர்தான் புகழவேண்டும் என்பதும் நன்னூல் விதியே. 51ஆம் நூற்பா பாயிரம் சொல்லத் தகுந்தவர்களாகத் தன் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், உரைகாரன் நால்வரைக் காட்டுகிறது. அடுத்த நூற்பா 'தான்தற் புகழ்தல் தகுதி அன்றே' என்று முடிகிறது. இன்றைக்குப் பல அணிந்துரைகள் அமைச்சர்களிடம் வாங்கப்படுகின்றன. அந்த நால்வரில் அவர்கள் எந்த வகை என்று தெரியவில்லை.

வரிசை: தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கத்தில் பதிப்பு விவரம், காணிக்கை, பொருளடக்கம், பதிப்புரை, அணிந்துரை, முன்னுரை. உங்களிடம் முகவுரையும் என்னுரையும் ஒரே ஆசிரியருடையவை என்றால் இரண்டையும் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று நூலின் அறிமுகமாகவும் மற்றது நன்றி கூறலாகவும் இருக்கும். முதலாவதை 'முன்னுரை', அடுத்ததை 'நன்றியுரை' என்று பெயர் மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

இந்த முன்பக்கங்களுக்கு எண் வரிசை தனியாக இருக்கட்டும். ரோமன் எண்ணோ தமிழ் எண்ணோ உங்கள் விருப்பம். அணிந்துரைதான் எப்போதும் கடைசியில் கைக்கு வந்து சேரும், அதுவும் சொன்ன அளவைவிட நீளமாக. ஒரே எண் வரிசையாக இருந்தால் பொருளடக்கம், 'பக்கம் 112 காண்க' போன்ற குறிப்புகள், சொல்லடைவு எல்லாம் தள்ளிப்போகும். ஃபாரத்துக்கு (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கத் தொகுப்பு) 16 பக்கம் என்று அச்சிட்டால், 400 பக்கம் சரியாக 25 ஃபாரம். முன்பக்கம் 12 சேர்ந்தால் 26 ஃபாரம், 4 பக்கம் மிச்சம். அந்த நாலையும் பிழைதிருத்தத்துக்கு என்று இப்போதே ஒதுக்காமல் இருக்கப் பாருங்கள்.

---

நூற்பா_எண்:

மேற்கோள் இடம் சுட்ட அந்தந்த நூலின் சொந்தப் பகுப்பையே எழுதுங்கள், பக்க எண்ணை மட்டும் நம்பவேண்டாம்.

சிலம்பு: காதை எண், அடி எண். காதைகள் 30, புகார் 10, மதுரை 13, வஞ்சி 7. எண் தொடர்ச்சியாக ஓடவேண்டும். வழக்குரை காதை 20ஆவது. 'மதுரைக் காண்டம் 10' என்று எழுதினால் தேடுபவர் திணறுவார். இன்னொன்று, முப்பதையும் காதை என்று எண்ணினாலும் எல்லாவற்றின் பெயரிலும் அந்தச் சொல் இல்லை: கானல் வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, துன்பமாலை. 'கானல் வரிக் காதை' என்று ஒட்டுப்போடாதீர்கள். மணிமேகலையும் 30 காதைதான், காண்டம் இல்லை. சிந்தாமணிக்கு இலம்பகம் (13), கம்பனுக்குக் காண்டம், படலம், பாட்டு.

கம்பனில் படலங்களின் எண்ணிக்கையும் பாட்டெண்ணும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். படலத்தின் பெயரோடு எந்தப் பதிப்பு என்பதையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். தொல்காப்பியத்தில் உரையாசிரியர் பெயர் கட்டாயம்: ஒருவர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பிரித்திருப்பார், அதனால் எண் நகரும். 'தொல். பொருள். செய்யுளியல், இளம்.' (இளம்பூரணர் உரை) என்று எழுதி எண்ணைப் போடுங்கள். குறளுக்கு 1 முதல் 1330 வரையான எண் போதும், அது பரிமேலழகர் வைப்புமுறை என்று நினைவிருக்கட்டும். மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் வரிசை வேறாக இருக்கும்.

இதழ்களில் 'தொகுதி, பகுதி' என்று எல்லாவற்றையும் மாற்றிவிடவேண்டாம். செந்தமிழ்ச் செல்வி தன் ஆண்டைச் 'சிலம்பு' என்றும் மாத இதழைப் 'பரல்' என்றும் எண்ணியது. அதை அப்படியே கொடுத்தால்தான் நூலகத்தில் கிடைக்கும்.

---

வேம்படி:

நன்றி. பகுதி, இயல் என்று முடிவு செய்துவிட்டேன். பின்னால் ஒரு 'பொருளடைவு' தரச் சொல்கிறார்கள். பொருளடக்கத்தையே விரித்துப் போட்டால் போதாதா? கணினியில் வரிசைப்படுத்தியதில் 'அன்னதானம்' 'அபிடேக'த்துக்கு முன்னால் வந்து நிற்கிறது.

---

மெய்ப்புமேசை:

போதாது. பொருளடக்கம் முன்னால், நூல் ஓடும் வரிசையில். பொருளடைவு பின்னால், அகரவரிசையில், ஒரு செய்தி வரும் எல்லாப் பக்க எண்ணோடும்.

அன்னதானம் முந்தியதற்குக் காரணம் யுனிகோடின் குறியெண் வரிசை. அதில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, பிறகு வ. நம் வரிசையோ ய ர ல வ ழ ள ற ன. ஆய்தம் அங்கே அகரத்துக்கும் முன்னால் கிடக்கும். மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போய்விடும். வரிசைப்படுத்தும் இடத்தில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். பிறகு அல, அழ, அற, அன என்று தொடங்கும் சொற்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். இந்த நான்கும் இதே வரிசையில் நின்றால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும்.

பக்க அமைப்பு முடிந்து கடைசி மெய்ப்பும் திருத்திய பிறகே எண்களைப் போடுங்கள். ஒரு படம் கூடினாலும் அடைவு முழுதும் மறுபடி செய்யவேண்டி வரும்.