பாடப்புத்தகத்தை மூடிவைத்து அமெரிக்க வரலாறு நடத்தும் ஆசிரியர்கள்: அனுபவப் பகிர்வு

காகிதப்புலி:
டெக்ஸாஸ் அரசுக் கல்லூரிகளில் எந்த இளநிலைப் பட்டம் என்றாலும் அமெரிக்க வரலாறு 6 கிரெடிட் கட்டாயம். வழக்கமாக 1877 வரை ஒரு தாள், அதன் பிறகு ஒரு தாள். சில ஆசிரியர்கள் விரிவுரையைக் குறைத்து அக்கால ஆவணங்களையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வகுப்பு எப்படி நடக்கும், எங்கே சொதப்பும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மணல்மேடு:
இதற்குத் தோதான பாடம் 1770 மார்ச் 5 இரவு பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊர்க் கூட்டத்தின் மீது நடத்திய துப்பாக்கிச் சூடு. 5 பேர் பலி. 75 நிமிட வகுப்புக்கு மூன்றே தாள் போதும்.

முதலில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த பாஸ்டன்காரர் பால் ரெவியர் அச்சிட்டு விற்ற படம். தலைப்பையும் அடியில் இருக்கும் பாட்டையும் மறைத்துவிட்டு, 10 நிமிடம் கண்ணில் படுவதை மட்டும் எழுதச் சொல்வார்கள். சிப்பாய்கள் வரிசை பிசகாமல் நின்று சுடுகிறார்கள். அவர்களின் அதிகாரி கேப்டன் பிரஸ்டன் அவர்களுக்குப் பின்னால் வாளை உயர்த்தியபடி நிற்கிறார். எதிரே நிராயுதபாணிக் கூட்டம். சுங்க அலுவலகத்தின் மேல் ‘கசாப்புக் கூடம்’ என்று பலகை. அன்று தெருவில் கிடந்த பனியைப் படத்தில் காணோம்.

அடுத்து, கொலை வழக்கில் கைதான பிரஸ்டன் சிறையிலிருந்து எழுதிய விளக்கத்தில் அரைப் பக்கம். துப்பாக்கி முனைகளுக்கு முன்னால் நான்தான் நின்றேன், சுட்டால் முதலில் விழுவது நான், எப்படிச் சுடச் சொல்வேன் என்கிறார். அவர் நின்றது முன்னாலா பின்னாலா என்ற கேள்வியிலேயே வகுப்பு சூடுபிடித்துவிடும். மூன்றாவதாக, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சாட்சியங்கள்.

தீர்ப்பு கடைசி 10 நிமிடத்தில்தான். சிப்பாய்களுக்காக வாதாடியவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ். பிரஸ்டன் விடுதலை, 8 சிப்பாய்களில் 6 பேர் விடுதலை, 2 பேருக்குக் கட்டைவிரலில் காய்ச்சிய இரும்பால் சூடு. இதை முன்கூட்டியே சொன்னால் போச்சு, தீர்ப்புக்கு ஏற்றபடியே எல்லாவற்றையும் படிப்பார்கள்.

சொதப்பும் இடம் ஒன்று உண்டு. ‘ரெவியர் ஒருதலைப்பட்சம்’ என்று எழுதிப் பேனாவை மூடிவிடுவார்கள். பிரஸ்டன் மட்டும் என்ன, கழுத்துக்குக் கயிறு காத்திருக்கும்போது எழுதியவர்தானே! ‘யாரை நம்பவைக்க, எந்தச் சமயத்தில் எழுதினார்?’ என்று கேட்டால்தான் அடுத்த வரி வரும்.

தூரதேசம்:
வட, தென் மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போருக்கு (1861-65) இதே வழிதான். ‘போர் மாநில உரிமைக்காக நடந்தது’ என்று கேட்டு வளர்ந்த மாணவர்கள் நிறைய. அவர்களோடு வாதம் பண்ணாமல், அமெரிக்காவிலிருந்து ஏன் பிரிகிறோம் என்று தென் கரோலினா 1860 டிசம்பரில் வெளியிட்ட அறிவிப்பையும் இரண்டு வண்ணப் பேனாவையும் கொடுக்க வேண்டும். அடிமைமுறை பற்றிய வரிக்கு மஞ்சள், சுங்கவரிக்குப் பச்சை. பச்சைப் பேனாவுக்கு வேலையே இருக்காது. இன்னும் வேடிக்கை, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தராத வட மாநிலங்களின் சட்டங்கள் மீதுதான் அவர்களுடைய புகாரே. அதாவது, அடுத்த மாநிலத்தின் உரிமை அவர்களுக்கு இடைஞ்சல்.

ஜார்ஜியாவின் அறிவிப்பைத் தனியாகக் கொடுக்காதீர்கள். அதில் வடக்கு வணிகர்களுக்குக் கிடைத்த சலுகைகளைப் பற்றி ஒரு நீண்ட பகுதி உண்டு. அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். மிசிசிப்பியோடு சேர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும். அது தொடக்கத்திலேயே அடிமைமுறைதான் காரணம் என்று போட்டு உடைக்கிறது.

நெய்தல்:
எல்லாம் சரி, வேகம்? ஒரு ஆவணத்துக்கு ஒரு வகுப்பு என்றால் 1877-ஐத் தொடவே முடியாது. நல்ல ஆசிரியர் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று நிறுத்திக்கொண்டு, நடுவில் விரிவுரையோடு ஓடுவார். வெட்ட வேண்டியது போர்க்களங்களை. போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் கைவைத்தால், அடிமைமுறை ஒழிப்பு, குடியுரிமை, வாக்குரிமை பற்றிய 1865, 1868, 1870 அரசியலமைப்புத் திருத்தங்கள் மூன்றும் வெறும் எண்களாகிவிடும்.

முன்னாள் அடிமைகளின் நேர்காணல்களைத் தொடுபவர்களுக்கு ஒரு விஷயம். 1936-38-இல் அரசே எடுத்தவை 2,300-க்கு மேல் இருக்கின்றன. சும்மா ஒன்றை உருவிக் கொடுத்தால் ‘எஜமானர் நல்லவர்’ என்ற பேச்சு கையில் வந்து மாட்டும். பேசியவர்களில் பலர் விடுதலையின்போது குழந்தைகள். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், அதுவும் நிறப்பாகுபாட்டுச் சட்டங்கள் நடப்பில் இருந்த தெற்கில். சார்ல்ஸ்டனில் வாழ்ந்த முன்னாள் அடிமை சூசன் ஹாம்லினை ஒரு வெள்ளைப் பெண்ணும் ஒரு கறுப்பினத்தவரும் தனித்தனியே பேட்டி எடுத்தார்கள். முதலாவதில் எஜமானரைப் பற்றிக் குறையே இல்லை. இரண்டாவதில் சவுக்கடியும் பிள்ளைகளைப் பிரித்து விற்றதும் வருகின்றன. பேட்டி கண்டவர்களின் பெயரை மறைத்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கொடுத்து, பேசியது ஒரே ஆள் என்பதைப் பிறகு சொன்னால் போதும்.

மணல்மேடு:
அதற்கு மதிப்பெண் போடும்போது, எது உண்மை என்ற முடிவுக்குப் போடாதீர்கள். எந்த வரியைக் காட்டி வாதாடுகிறார்கள் என்று பாருங்கள். மேற்கோள் இல்லாத பத்திக்குப் பாதிதான்.